இளைஞர் மொழியும் தாய்மொழியும்

விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரையிலே, சென்னைக்கும் புதுவைக்கும் இடையே, மரக்காணம் என்றோர் ஊர் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையிற் செல்வோர் அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகக் கட்டிய நீரையும், இடையிடையே வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பையும் கண்டிருப்பர். சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை, நல்லியக்கோடன் என்னும் தலைவனுடைய நாட்டைப் பாடும்போது எயிற்பட்டினம் என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகின்றது. அந்த எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அவ்வூரிலேதான் நான் முப்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பின்னும் அங்கேயே வாழ்கின்றேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், நீங்கள் நாள்தோறும் நண்பரோடு பேசுகின்ற மொழி. கைப்பேசியிலே எழுதுகின்ற மொழி. அதனைப் பழிப்பதற்காக நான் வரவில்லை. அதைப்பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

கார்த்திகை மாதத்து மழை இரவு. மழைக்காலத்தில் உப்பளங்களில் வேலை இராது. பாத்திகளெல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்து பார்த்தால், பக்கத்துத் தெருவிலிருந்து உப்பு வாரும் வேலைக்குச் செல்லும் அம்மையார் ஒருவர், நனைந்த புடவைத் தலைப்புக்குள் கைப்பேசியை மறைத்துக்கொண்டு நிற்கின்றார். அவருடைய மகன் கோவையிலே பொறியியற் கல்லூரியிற் படித்துக்கொண்டிருந்தான். என்னிடம் பயின்ற பிள்ளை.

“ஐயா, எம்புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுங்க. வலியில இருக்கேன்னு போட்டிருக்கான். போன் பண்ணினா எடுக்கமாட்டேங்குறான்” என்று சொல்லி அழலானார்.

அந்த அம்மையார் எழுத்தறியாதவர் அல்லர். சிறு வயதிற் பள்ளிக்குச் செல்ல வாய்க்கவில்லை. திருமணத்திற்குப் பின், பகலெல்லாம் உப்பளத்திற் கால்கடுக்க நின்றுவிட்டு, இரவிலே சிம்னி விளக்கின்கீழ் எழுத்துக் கூட்டிக் கற்றவர். தமிழை ஐயமின்றிப் படிப்பார். ஆனால் மகன் அனுப்பிய செய்தி தமிழ் எழுத்தில் இல்லை. தமிழை ஆங்கில எழுத்திலே எழுதியிருந்தான். ஆகவே, அடுத்த வீட்டிலே ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் சிறுமியிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கின்றார். அச்சிறுமி எழுத்துக் கூட்டி, ‘வலியில் இருக்கிறேன் அம்மா, காலையில் பேசுகிறேன்’ என்று படித்துவிட்டாள்.

நான் அச்செய்தியை வாங்கிப் பார்த்தேன். சிறுமி படித்ததிற் பிழை காண முடியவில்லை. ஆங்கிலத்தின் ‘எல்’ என்னும் எழுத்து ஒன்றே அங்கு நின்றது. அது லகரமாயின் பிள்ளை வலியில் துடிக்கின்றான். ழகரமாயின் பிள்ளை வழியில் வந்துகொண்டிருக்கின்றான். “ஊருக்கு வந்துகொண்டிருக்கின்றானோ என்னவோ, அம்மா” என்று தேற்றினேன். “வரப்போறேன்னு சொல்லவே இல்லியே, ஐயா” என்றார் அவர். விடியும்வரை அந்தத் திண்ணையிலேயே அமர்ந்திருந்தார். காலையில் திண்டிவனத்திலிருந்து வந்த முதற் பேருந்திலே பையன் இறங்கினான். கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்துபோயிற்றாம். தாய்க்கு வியப்பூட்டலாமென்று சொல்லாமல் வந்தானாம்!

இந்த நிகழ்ச்சியை நான் சொல்லும்பொழுதெல்லாம் என் வயதையொத்த நண்பர்கள், “பார்த்தீரா, இக்காலத்துப் பிள்ளைகள் தமிழைக் கெடுத்துவிட்டார்கள், அவர்கள் பேசுவதும் எழுதுவதும் மொழியா?” என்பார்கள். இந்தத் தீர்ப்பு அவசரத் தீர்ப்பு என்பது என் எண்ணம். இளைஞர் வழங்கும் புதுச்சொல் வேறு. தமிழை வேற்றெழுத்தில் எழுதும் பழக்கம் வேறு. இரண்டையும் ஒரே குற்றமாகக் கட்டி வைத்துத் தண்டிப்பது முறையன்று. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலிற் புதுச்சொல். ‘கெத்து’ என்கின்றீர்கள், ‘மொக்கை’ என்கின்றீர்கள், ‘கலாய்த்தான்’, ‘பல்பு வாங்கினான்’, ‘வேற லெவல்’ என்கின்றீர்கள். ‘கிரிஞ்சு’ என்கின்றீர்கள், எங்களைப் ‘பூமர்’ என்கின்றீர்கள். பெரியோர் காதுக்கு இவை புதியவை. ஆனால், ஒரு கூட்டத்தார் தமக்குள்ளே தனிச்சொல் வழங்கிக்கொள்வது தமிழுக்குப் புதிதன்று. நன்னூல் இயற்றிய பவணந்தியார் அதற்கு ஒரு பெயரே இட்டு வைத்திருக்கின்றார். குழூஉக்குறி என்பது அப்பெயர். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதும் அதற்கு இலக்கண ஆசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். கள்ளுண்டவன் உள்ளத்தில் உள்ளதையெல்லாம் சொல்லிவிடுவான். ஆகவே கள் ‘சொல்விளம்பி’ ஆயிற்று. இன்றைய கல்லூரி மாணவன் ஒருவன் புனைந்தது என்று சொன்னாலும் நம்பலாம் அன்றோ?

உங்கள் சொற்கள் சிலவற்றைத் துருவிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ‘கலாய்த்தல்’ நேற்றுப் பிறந்த சொல்லன்று. பூசலிடுதல் என்னும் பொருளிற் பழைய அகராதிகளில் உள்ளதுதான். பூசல் கேலியாக மென்மை பெற்றிருக்கின்றது, அவ்வளவே. ‘மொக்கை’ என்பது கூர் மழுங்கியது. மழுங்கிய கத்தியை மொக்கைக் கத்தி என்று சொல்லும் மக்கள் இன்றும் உள்ளனர். கூர்மையில்லாத நகைச்சுவையை மொக்கை என்று முதலிற் சொன்னவன் எவனோ, அவன் உவமை அறிந்தவன். சென்னை மக்கள் வழங்கும் ‘பேஜார்’ உருதுவின் வழியே வந்த பாரசீகச் சொல். சலிப்பு, வெறுப்பு என்பது அதன் பொருள்.

சொல்லின் பொருள் மாறிவிடுகின்றதே என்று வருந்துவோரும் உளர். ‘நாற்றம்’ என்றால் ஒரு காலத்தில் நறுமணம். இன்று அதற்கு நேர்மாறு. இம்மாற்றத்தை எந்தக் கைப்பேசியும் செய்யவில்லை. மக்கள் வாயிற் புழங்கும் மொழி மாறிக்கொண்டே இருக்கும். புதுச்சொற்களுள் மிகப் பல இரண்டு மூன்று ஆண்டுகளில் மறைந்துவிடும், ஒன்றிரண்டே நிலைபெறும். கடல்நீரைப் பாத்தியிற் பாய்ச்சினால், நீரெல்லாம் ஆவியாகப் போய், அடியில் உப்பு மட்டும் தங்குகின்றது அல்லவா? அதுபோலக் காலம் என்னும் வெயில் எதை நிறுத்துகின்றதோ அது மொழியில் நிற்கும்.

இப்போக்கு நம் நாட்டோடு நிற்பதன்று. பிலிப்பைன் தீவுகளிலே தகாலோகு மொழி பேசும் இளைஞர்கள் சொல்லைத் தலைகீழாகத் திருப்பி விளையாடுகின்றார்கள். தாம் போற்றும் ஒருவரை ஆங்கிலத்தில் ‘ஐடல்’ என்பதுண்டு. அதன் எழுத்துகளைப் பின்னிருந்து படித்து ‘லோடி’ என்பார்கள். ‘மலூபித்’ என்றால் கொடியது, கடுமையானது என்று பொருள். அதன் அசைகளை முன்பின்னாக மாற்றிப் ‘பெத்மாலு’ ஆக்கி, ‘அபாரம்’ என்னும் பொருளில் வழங்குகின்றார்கள். இணையம் இவற்றை நாடெங்கும் பரப்பிற்று. ஆனால் திருப்பிப் பேசும் பழக்கம் இணையத்திற்கு முன்பே அங்கே இருந்தது. நம் ஊரிலும் ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ‘க’ சேர்த்து, ‘வா’ என்பதைக் ‘கவா’ என்று பேசி, பெரியவர்களைத் திகைக்கவைக்கும் பிள்ளை விளையாட்டு உண்டு. அதுவும் நிற்க. வீட்டின் முன்புறம் ‘இல்முன்’ அன்றோ? அதனைத் திருப்பி ‘முன்றில்’ என்றார்கள் நம் முன்னோர். ‘இல்வாய்’ என்பதைத் திருப்பி ‘வாயில்’ என்றார்கள். இலக்கணம் அதனைக் கடியவில்லை. இலக்கணப்போலி என்று பெயரிட்டு இடமளித்தது. கோயம்புத்தூர் கோவையானதையும் புதுச்சேரி புதுவையானதையும் மரூஉ என்று ஏற்றுக்கொண்டது. சொல்லைச் சுருக்கியதற்காகவும் திருப்பியதற்காகவும் இளைஞரைத் தண்டிப்பதாயின், நம் இலக்கண ஆசிரியர்களையும் கூட்டில் ஏற்ற வேண்டியிருக்கும்!

ஆயினும் இலக்கணம் ஒரு வரம்பையும் உடன் வைத்தது. குழூஉக்குறியைத் தகுதி வழக்கின்பாற் படுத்தினார் பவணந்தியார். இன்ன இடத்தில் இன்ன சொல் தகும் என்பதுதான் தகுதி. குழுவுக்குள்ளே அச்சொல் தகும். குழுவுக்கு வெளியே பேசும்போது வேறு சொல் வேண்டும். உப்பளத்தில் வேலை செய்வோர், வேலைக்குக் கட்டிய துணியோடு திருமண வீட்டுக்குச் செல்வதில்லை. திருமணப் பட்டை உடுத்திக்கொண்டு பாத்தியில் இறங்குவதுமில்லை. இரண்டும் அவர்களுடைய துணிதான். நண்பனிடம் ‘செம மொக்கை’ என்பவன், தேர்வுத் தாளிலே ‘சுவையற்றது’ என்றும், நேர்முகத் தேர்விலே ‘எனக்கு நிறைவளிக்கவில்லை’ என்றும் சொல்ல அறிந்திருப்பானாயின், அவனுக்கு மூன்று மொழிநடை சொந்தம். ஒன்றையே அறிந்தவன்தான் ஏழை. வள்ளுவர் ஊடலுக்கு உப்பை உவமையாக்கி, அளவு மிகலாகாது என்று காட்டினார். அவ்வுவமை இச்சொற்களுக்கும் பொருந்தும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே; உப்பே பண்டமாகவும் ஆகாது.

இனி இரண்டாவது பொருளுக்கு வருவோம். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கம் எங்ஙனம் வந்தது? இதற்கும் இளைஞர் மட்டும் பொறுப்பல்லர். இவ்வழக்கத்தின் தொடக்கம் பலர் அறியாத ஒன்று. 1554-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லிசுபன் நகரத்திலே சமய போதனை பற்றிய சிறு நூல் ஒன்று அச்சாயிற்று. அதில் உள்ள தமிழ், உரோமன் எழுத்திலே அமைந்தது. அன்று தமிழ் அச்செழுத்துகளே வார்க்கப்படவில்லை. அதன்பின் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1578-இல், கொல்லத்திலே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்க நூல் தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அதனை ஆக்கியவர் அன்றீக் அடிகளார் என்னும் போர்ச்சுகீசியப் பாதிரியார். தமிழ் மக்கள் படிக்க வேண்டுமானால் தமிழ் எழுத்தே வேண்டும் என்பதைக் கடல் கடந்து வந்த ஒருவர் உணர்ந்து, எழுத்து வார்ப்பித்தார்.

கைப்பேசியிலும் இதே கதைதான் நிகழ்ந்தது. 1992-ஆம் ஆண்டில் முதற் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. தொடக்கக் காலக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்து இல்லை. பின்னர் வந்தபோதும் ஒரு தடை இருந்தது. ஆங்கில எழுத்தானால் ஒரு செய்தியில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழானால் 70 இடங்களே உண்டு. அதிலும் மெய்யின் புள்ளியும், உயிர்மெய்யின் காலும் கொம்பும் தனித்தனி இடம் பிடிக்கும். செய்திக்கு இத்தனை காசு என்று கட்டிய காலத்தில், தமிழில் எழுதியவனுக்குச் செலவு இருமடங்கிற்கு மேலாயிற்று. மாணவன் என்ன செய்வான்? ஆங்கில எழுத்தை நாடினான். அந்நிலையில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் அந்தத் தடை நீங்கிவிட்டது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக, ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை அரசின் தரமாயிற்று. மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன் 2005-இல் ‘செல்லினம்’ என்னும் செயலியால் கைப்பேசியிலே தமிழை எழுத வைத்தார். இன்று நீங்கள் கையில் வைத்திருக்கும் கருவிகளில் தமிழ் விசைப்பலகையும் உண்டு; வாயாற் சொன்னால் தமிழில் எழுதித் தரும் வசதியும் உண்டு. அன்று தேவையாக இருந்தது இன்று பழக்கமாக மட்டுமே எஞ்சி நிற்கின்றது.

பழக்கம்தானே, அதனால் என்ன கேடு என்று கேட்பீர்கள். நம் எழுத்தில் ல, ள, ழ என மூன்று உண்டு. ந, ன, ண என மூன்று உண்டு. ர, ற என இரண்டு உண்டு. விரைவிலே ஆங்கில எழுத்தில் எழுதும்போது இவை பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பள்ளியும் பல்லியும் ஒன்றாகின்றன; மனமும் மணமும் ஒன்றாகின்றன; அறமும் அரமும் ஒன்றாகின்றன. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம் என்பீர்கள், பெரும்பாலும் கொள்ளலாம்தான். ஆனால் இடம் தெரியாத ஒரு நள்ளிரவில் ஒரு தாய் என்ன செய்வாள்? இத்தகைய எழுத்துப் பிழைகள் கைப்பேசிக்கு முன்பும் இருந்தன. முப்பது ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய நான் அதனை மறைக்க மாட்டேன். ஆனால் அன்று மாணவன் பிழையாகவாவது எழுதினான். பிழையைத் திருத்த வழியிருந்தது. வேற்றெழுத்திலே பிழை என்பதே தெரிவதில்லை. தெரியாத பிழையை எவ்வாறு திருத்துவது?

மற்றொரு கேடு இதனினும் பெரியது. தகாலோகு மொழிக்குப் ‘பாய்பாயின்’ என்னும் சொந்த எழுத்து இருந்தது. 1593-இல் மணிலாவில் அச்சான சமய நூலிலே அவ்வெழுத்தைக் காணலாம். இசுபானியர் ஆட்சியில் உரோமன் எழுத்துப் பரவ, பழைய எழுத்து நாளடைவில் வழக்கொழிந்தது. மொழி அழியவில்லை; இன்றும் செழிப்பாக வாழ்கின்றது. ஆயினும் அந்நாட்டு இளைஞன் தன் முன்னோர் எழுத்தைப் படிக்க வேண்டுமானால், அதனைத் தனியே முயன்று கற்க வேண்டும். அங்கே அயலார் ஆட்சி செய்ததை, இங்கே நம் விரலின் சோம்பல் செய்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை.

அந்நாட்டிலேயே 2010-ஆம் ஆண்டில் ஒரு நிகழ்ச்சி. குறுஞ்செய்தியில் எழுத்துகளைக் கோணல்மாணலாகத் திரித்து எழுதும் இளைஞரை ‘ஜெஜெமோன்’ என்று அழைத்தனர். மாணவர்கள் அவ்வாறு எழுதலாகாது என்று கல்வித் துறை எடுத்துரைத்தது. அதே ஆண்டில் அந்நாட்டு மொழியறிஞர்கள் கூடிய மாநாடு, ‘ஜெஜெமோன்’ என்பதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது! கண்டிப்போரும் வேண்டும்; கவனித்துக் குறித்துவைப்போரும் வேண்டும். ஆனால் ஒரு பழக்கத்தை மாற்ற வல்லவர் அதனைக் கைக்கொண்டவர்களே.

ஓர் உண்மையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். என் இளமையில், பள்ளியை விட்டபின் பலர் எழுதுகோலைத் தொடுவதே இல்லை. திங்களுக்கொரு கடிதம் எழுதினால் அதிகம். நீங்களோ நாள்தோறும், நாழிகைதோறும் எழுதுகின்றீர்கள். இத்தனை இளைஞர் இத்தனை சொற்களைத் தம் கையால் எழுதிய காலம் தமிழ்நாட்டில் இதற்கு முன் இருந்ததில்லை. அச்செல்வம் தமிழ் எழுத்தில் வந்து சேர்ந்தால் எத்துணைப் பயன்!

இனி அந்தப் பையனின் கதையை முடித்துவிடுகின்றேன். அன்று காலை நான் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனுடைய தாய் இரவெல்லாம் எங்கே அமர்ந்திருந்தார் என்பதை மட்டும் காட்டினேன். அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, “ஐயா, அம்மா படிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லை, யாராவது படிச்சுச் சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்” என்றான். இரவு விளக்கின்கீழ் அந்தத் தாய் கற்ற எழுத்து, தன் மகனுடைய செய்திக்குப் பயன்படவில்லை. அதைச் சொல்லாமலே அவன் உணர்ந்துகொண்டான்.

கோவைக்குத் திரும்பியவன் தமிழிலே எழுதத் தொடங்கினான். முதற் செய்தியில், ‘வளியில் சாப்பிட்டேன்’ என்று எழுதினானாம். அம்மையார் அதனை என்னிடம் காட்டி, “ழானா போடத் தெரியலைங்க ஐயா இவனுக்கு. நான் திருத்தி அனுப்பிட்டேன்” என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை நான் மறக்கவில்லை.

தை பிறந்து, பாத்திகளைச் செப்பனிட்டு, உப்பு விளையத் தொடங்கிய பின், மற்றொரு நாள் வந்தார். மகனிடமிருந்து வந்த செய்தியைக் காட்டினார். ‘அம்மா, நீ கொடுத்தனுப்பின கருவாடு வேற லெவல்’ என்று தமிழ் எழுத்திலே இருந்தது.

“படிச்சுட்டேன் ஐயா. அர்த்தந்தான் புரியலை. நல்லா இருந்துச்சுங்கறானா, கெட்டுப் போச்சுங்கறானா?” என்று கேட்டார்.

“அதற்கு இணையே இல்லை என்கிறான், அம்மா” என்றேன்.

சிரித்துக்கொண்டே போனார். சில வாரங்கள் கழித்து உப்பளத்தின் பக்கம் நான் நடந்து செல்கையில், பாத்தியில் நின்றவாறே என்னை அழைத்து, வெயிலில் மின்னிய குவியலைக் காட்டி, “ஐயா, இந்த வருஷம் உப்பு வேற லெவலுங்க!” என்றார்.

அச்சொல்லை நான் திருத்தவில்லை. மகன் குழுவின் சொல் தாயின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. தமிழ் எழுத்தில் வந்ததனால் வந்து சேர்ந்தது.

மாணவ மாணவியரே, புதுச்சொற்களைப் படையுங்கள்; உங்கள் வயதுக்கு அது உரிமை. இடமறிந்து பேசுங்கள். இன்றிரவு வீட்டுக்கு ஒரு செய்தி எழுதும்போது மட்டும், விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதனைப் படிக்க ஒருவர் காத்திருக்கின்றார்.